வரிசையைத் தவிர எல்லாம் தந்த ஹேஷ்செட்

மன்னார்குடிப் பக்கத்தில் அறுவடை இயந்திரங்களை வாடகைக்கு விடும் ஒருவருக்கு நான் எழுதிக் கொடுத்த சிறு மென்பொருள், சென்ற தை மாதத்தில் என்னை ஊரார் முன்னால் தலைகுனிய வைத்தது. அவர் கேட்டது இரண்டே இரண்டு. ஒரு விவசாயி எத்தனை முறை தொலைபேசியில் அழைத்தாலும் பட்டியலில் அவர் ஒரு முறைதான் இருக்க வேண்டும். முதலில் அழைத்தவருக்கு முதலில் வண்டி போக வேண்டும். சம்பா அறுவடை நேரத்தில் மழை பிடித்து, கதிர் சாய்ந்து, டயர் வண்டி இறங்க முடியாத சேற்று வயலோடு பெல்ட் வண்டிக்காக ஊரே காத்திருக்கும்போது அந்த வரிசையில் ஓர் இடம் பின்னால் போனால் என்ன ஆகும் என்பதை இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு நாள் தாமதத்தில் சாய்ந்த நெல் வயலிலேயே முளைவிடும். தப்பித்து வந்த நெல்லும் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பத வரம்பைத் தாண்டி நிற்கும்.

ஒரே ஆள் இரு முறை வராமல் இருக்க வேண்டும் என்றால் செட் என்ற தொகுப்புதான் நமக்குப் பாடமாகச் சொல்லப்பட்டது. ஆகவே சி ஷார்ப் என்ற நிரல்மொழியில், அது ஓடும் தளமான டாட்நெட் தரும் ஹேஷ்செட் என்ற செட் வகையை எடுத்து, தொலைபேசி எண்களை அதில் போட்டேன். பத்து எண், இருபது எண், ஐம்பது எண் என்று போட்டுப் பார்த்தேன். போட்ட வரிசை பிசகாமல் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தது. கண்ணால் கண்டதை நம்பினேன். அதுதான் நான் செய்த குற்றம்.

நாற்பது பேர் பதிந்திருந்த ஒரு காலையில், மூன்றாம் இடத்தில் இருந்த வடுவூர்க்காரர் வேறு வண்டி கிடைத்துவிட்டது என்று ரத்து செய்தார். அரை மணி நேரம் கழித்து வண்டி முதலாளியின் மைத்துனர் அழைத்தார். அவருக்கு உரிய இடம் பட்டியலின் கடைசி. திரையில் அவர் தோன்றிய இடம் மூன்று. நான்காவதாக இருந்த கோட்டூர்க்காரர் நேரில் வந்து திரையைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது: “ஏன் தம்பி, மச்சான்னா கம்ப்யூட்டருக்கும் மச்சானா?”

நான் யாருக்கும் சலுகை செய்யவில்லை என்று சத்தியம் செய்தேன், யார் நம்புவார்கள்? அன்று இரவு உட்கார்ந்து அந்த ஹேஷ்செட்டின் உள்ளமைப்பைப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. அது உறுப்புகளை அர்ரே எனப்படும் எண்ணிட்ட இடங்களின் அடுக்கில் அடுத்தடுத்து வைக்கிறது. ஒவ்வோர் உறுப்பிலிருந்தும் கணக்கிட்டுப் பெறும் ஹேஷ் எண்ணைக் கொண்டு தேடும் அட்டவணையில் அந்த இடங்களின் எண் மட்டும் இருக்கிறது. யாரும் நீங்காத வரை அர்ரே, வந்தவர் வரிசையிலேயே நிற்கும். ஒருவர் நீங்கிவிட்டாலோ, அவர் விட்ட இடம் காலி இடங்களின் சங்கிலியில் சேர்க்கப்பட்டு, அடுத்து வருபவர் நேராக அங்கே உட்கார வைக்கப்படுகிறார். நினைவகத்தை மிச்சப்படுத்த அது நியாயமான ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் முதலாளியின் பழைய நோட்டுப் புத்தகத்தில் வடுவூர்க்காரர் பெயரை ஒரு கோடு போட்டு அடித்திருப்பார்கள். அடித்த வரியின் மேல் புதிய பெயரை எழுதும் அளவுக்கு எந்தக் கணக்குப்பிள்ளையும் துணிய மாட்டார்.

வரிசைக்கு உத்தரவாதம் இல்லை என்று ஹேஷ்செட்டின் விளக்க ஆவணத்தில் எழுதியிருக்கிறதே என்பார்கள். எழுதியிருக்கிறது, நானும் படித்திருக்கிறேன். என் கோபம், உத்தரவாதம் இல்லாத ஒன்றை நூறு சோதனையிலும் இருப்பதுபோல் காட்டி, ஒரே ஒரு நீக்கத்தில் கைவிடுகிற அந்தப் பசப்பின் மேல்தான். கோ என்ற நிரல்மொழியில், ஒரு சாவியைச் சொன்னால் அதற்குரிய மதிப்பைத் தரும் மேப் என்ற தொகுப்பைச் சுற்றி வரும் வரிசையை வேண்டுமென்றே ஒவ்வொரு முறையும் மாற்றிக் குலைத்து வைத்திருக்கிறார்கள். அங்கே முதல் சோதனையிலேயே அடி விழும், யாரும் ஏமாற மாட்டார்கள். ஜாவாவின் ஹேஷ்செட்டோ சிறிய முழு எண்களை ஏறுவரிசையில் அடுக்கிக் காட்டி இன்னொரு விதமாக ஏமாற்றும். ஆனால் அங்கே லிங்க்டுஹேஷ்செட் என்று வரிசை காக்கும் ஒன்று 2002-இல் வந்த 1.4 பதிப்பிலிருந்தே இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் செட் 2015-இல் பிறக்கும்போதே வரிசையோடு பிறந்தது. மேப்பைப் பைத்தானில் டிக்‌ஷனரி என்பார்கள். அங்கே 2018-இல் வந்த 3.7 பதிப்பு முதல் டிக்‌ஷனரிக்கு வரிசை உறுதி, அதன் செட்டுக்கு மட்டும் இல்லை. ஏன் இந்த ஓரவஞ்சனை என்று கேட்டால் சண்டை வரும். டாட்நெட்டில் 2007-இல் ஹேஷ்செட் வந்தது. 2024-இல் ஒன்பதாம் பதிப்போடு வரிசை காக்கும் பொதுவகை டிக்‌ஷனரி வந்தது. செட்டுக்கு அப்போதும் அந்தப் பந்தியில் இலை போடவில்லை.

“லிஸ்ட் போதுமே, சேர்க்கும்போது ஒரு தடவை தேடிக்கொள்” என்று அறிவுரை சொன்ன நண்பர்களுக்கும் என் வணக்கம். நாற்பது பேருக்கு அது போதும்தான், உண்மை. ஆனால் அதே நிரலில் மூன்று பருவத்து அழைப்புகள் ஆயிரக்கணக்கில் ஏறப்போகின்றன. ஒவ்வொரு அழைப்புக்கும் முதலிலிருந்து கடைசி வரை தேடும் ஒன்றை எழுத எனக்குக் கை வரவில்லை. நானே ஒரு வரிசை காக்கும் செட்டை எழுதினேன். நீங்கியவர் இடத்தில் நோட்டுப் புத்தகக் கோடுபோல ஓர் அடையாளம் மட்டும் வைத்தேன். அடையாளங்கள் பெருகியதும் அர்ரேயை நெருக்கி அடுக்கினேன்; அட்டவணையில் இருந்த இட எண்களை மாற்ற மறந்தேன். விளைவு, இருக்கிறவரை இல்லை என்று சொல்லி இரண்டாம் முறை சேர்த்துக்கொண்டது. அதைத் தூக்கி எறிந்து, தொலைபேசி எண்ணிலிருந்து பட்டியலில் அவர் நிற்கும் கணுவுக்குப் போக ஒரு டிக்‌ஷனரி, முன்னும் பின்னும் கை கோத்து நிற்கும் இணைப்புப் பட்டியல் ஒன்று என இரண்டையும் சேர்த்தேன். நீக்கினால் இரு பக்கத்துக் கைகளும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன, வேறு யாரும் அசைவதில்லை. அதிலும் ஒரு நாள், நினைவூட்டுவதற்காக மறுபடி அழைத்த பெரியவரை எடுத்துக் கடைசியில் சேர்த்துத் தொலைத்தேன். ஏற்கெனவே இருப்பவரைச் சேர்த்தால் எதையும் தொடாதே என்ற ஒற்றை வரி விடுபட்டிருந்தது.

இப்போது சரியாக ஓடுகிறது. ஆயினும் முதலாளி, திரையில் வரும் ஒவ்வொரு பெயரையும் தம் நோட்டுப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு டிக் போட்ட பிறகுதான் ஓட்டுநரிடம் சாவியைக் கொடுக்கிறார்.