நடுரோட்டில் நிற்கும்போதுதான் நிபந்தனை சொல்வீர்களா?

கார் இன்சூரன்ஸைப் புதுப்பிக்கச் சொல்லிப் போன் மேல் போன் போடுகிறவர்கள் "ஃபுல் கவர் சார், கவலையே வேண்டாம்" என்கிறார்கள். வண்டி வழியில் நின்றுபோனால் யார் தூக்கிப் போவது, யார் காசு கொடுப்பது என்பதைப் பற்றி மட்டும் வாயே திறப்பதில்லை.

திண்டிவனம் தாண்டி, ராத்திரி நேரத்தில், அம்மாவும் குழந்தைகளும் உள்ளே இருக்க, என் கார் இன்ஜினின் டைமிங் பெல்ட் அறுந்து வண்டி நின்றுவிட்டது. லாரிகள் உரசிக்கொண்டு போகின்றன. இன்சூரன்ஸ் கம்பெனியை அழைத்தால் முதல் கேள்வி: "விபத்தா, பிரேக்டவுனா?" பிரேக்டவுன் என்றதும், "உங்கள் பாலிசியில் அது வராது" என்று பதில். பத்திரமாக இருக்கிறீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை!

விபத்தாக இருந்திருந்தாலும் என்ன கிழித்திருப்பார்கள்? தனியார் காரை இழுத்துப்போக வழக்கமான பாலிசி தருவது ஒரு விபத்துக்கு அதிகபட்சம் 1,500 ரூபாய். 2002 மோட்டார் டாரிஃபில், அதாவது வாகன இன்சூரன்ஸுக்கான கட்டண, விதிமுறைத் தொகுப்பில், எழுதிய தொகை. இன்றைக்கும் பல பாலிசிகளில் அதே வரிதான். இன்றைய டீசல் விலைக்கு, ராத்திரியில் அந்தக் காசுக்கு எந்த ரெக்கவரி வண்டி வரும்? அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கான தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருந்தால் அதுவும் இல்லை.

சரி, கூடுதல் காசு கட்டி, வழியில் நின்றால் உதவிக்கு வரும் ரோட்சைடு அசிஸ்டன்ஸ் ஆட்-ஆன் வாங்கினால்? இத்தனை கிலோமீட்டர் வரைதான், வருஷத்துக்கு இத்தனை தடவைதான். பெட்ரோல் கொண்டுவந்து தருவார்கள், பெட்ரோல் காசு நம்முடையது. பஞ்சரானால் பெரும்பாலும் ஸ்டெப்னி மாட்டித் தருவதோடு சரி.

எனக்கு ரத்தம் கொதிப்பது இன்னொரு வரிக்கு. வண்டி பழுதாகி நின்றால் தகுந்த பாதுகாப்பு இல்லாமல் விட்டுப் போகக் கூடாது, பழுது பார்க்காமல் ஓட்டி மேலும் சேதமானால் அது உங்கள் பொறுப்பு என்று அதே பாலிசி சொல்கிறது. விட்டுப் போகவும் கூடாது, ஓட்டவும் கூடாது, இழுத்துப்போகக் காசும் தரமாட்டார்கள்! அப்படியென்றால் குடும்பத்தோடு அங்கேயே விடியும்வரை நிற்பதா?

பிரேக்டவுனுக்கு உண்டா இல்லையா, எத்தனை கிலோமீட்டர், எத்தனை ரூபாய் என்பதைப் பாலிசியின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ இதைக் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை, புதுப்பிக்கச் சொல்லி யார் அழைத்தாலும் இந்த மூன்றையும் எழுத்தில் அனுப்பினால்தான் பணம் என்று சொல்லுங்கள். அப்புறம், தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் நெடுஞ்சாலை உதவி எண் 1033ஐ அழையுங்கள்.