பிள்ளை அழுதால் பால் பத்தவில்லை என்று யார் சொன்னது?

அந்த ஆடியோ உங்கள் வாட்ஸ்அப் குரூப்பிலும் வந்திருக்கும். பாம்பனில் இருந்து தொண்டி வரைக்கும், நம் ராமநாதபுரம் கரை முழுக்கச் சுற்றிவிட்டது. யார் வீடு, யார் பேசியது என்பதெல்லாம் இங்கே வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். பிள்ளை ராத்திரி அழுகிறது என்கிற ஒரே குற்றத்துக்காக ஒரு பச்சை உடம்புக்காரியைப் பார்த்து, "மாருல பால் இல்லாதவளுக்கு எதுக்குப் பிள்ள" என்று கேட்கிறார்கள். அதற்குக் கீழே கைதட்டும் பொம்மைகள் வேறு.

பிள்ளை அழுகிறது என்பதாலேயே தாய்க்குப் பால் இல்லை என்று ஆகிவிடாது. இதை எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது போல, இன்னொரு தடவை சொல்கிறேன்.

பிறந்த பிள்ளை இரண்டாவது வாரத்துக்குப் பிறகு அழுகையைக் கூட்டிக்கொண்டே போகும். ஆறாவது வாரம் வாக்கில் உச்சத்துக்கு வரும். ஒரு குறையும் இல்லாத பிள்ளையே ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று மணி நேரம் அழும். அதிலும் விளக்கு வைக்கிற நேரத்தில் பிடித்தால் சாமத்துக்கு முன் விடாது. மூன்று நான்கு மாதத்தில் தானாக அடங்கிவிடும். 1954இல் வெஸ்ஸல் என்ற அமெரிக்க மருத்துவர் இதற்கு ஒரு கணக்கே போட்டார்: ஒரு நாளில் 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல், 3 வாரத்துக்கு மேல் நீடிக்கும் அழுகை. கவனியுங்கள், நன்றாகப் பால் குடித்து ஆரோக்கியமாக வளரும் பிள்ளைகளுக்குத்தான் அவர் இந்தக் கணக்கைப் போட்டார். ஒன்றரை மாதத் தடுப்பூசியும் இந்த உச்சத்தில்தான் வந்து சேரும். ஊசி போட்ட ஒன்றிரண்டு நாள் சிணுங்குவது உண்மை. ஆனால் "ஊசி போட்டதுல இருந்துதான் அழுவுது" என்று மாதக்கணக்கில் பழி சொல்வது, ஊசியும் உச்சமும் ஒரே நேரத்தில் வருவதால்தான்.

பால் பத்துகிறதா என்று தெரிய வேண்டுமா? துணியை எண்ணுங்கள். ஐந்தாறு நாள் ஆன பிள்ளை 24 மணி நேரத்தில் ஆறு தடவைக்குக் குறையாமல் ஒன்றுக்குப் போக வேண்டும், நிறம் வெளிறி இருக்க வேண்டும். முதல் வாரத்தில் எடை கொஞ்சம் இறங்கும், பயப்பட வேண்டாம். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பி, அப்புறம் நாளைக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் பால் போதும். துணியும் தராசும் சொல்லாததை ஆடியோ போடுகிறவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை.

"எல்லாருக்குமா பால் ஊறுது?" என்று கேட்பீர்கள். சரி, சிலருக்குக் குறைவதுண்டு. ஆனால் பல வீடுகளில் கோளாறு பாலில் இல்லை, பிள்ளை மாரைப் பிடிக்கிற பிடியில் இருக்கிறது. பிள்ளை கொட்டாவி விடுகிற மாதிரி வாயைத் திறக்கும்வரை பொறுக்க வேண்டும். காம்பை மட்டும் திணிக்காமல், சுற்றியுள்ள கருவட்டமும் வாய்க்குள் போகிற மாதிரி பிள்ளையை மாரோடு அணைக்க வேண்டும். தாடை மாரில் முட்டி, கீழ் உதடு வெளியே மடிந்திருந்தால் பிடி சரி. 'சப் சப்' என்று சத்தம் கேட்டால் தப்பு, முழுங்குகிற சத்தம்தான் கேட்க வேண்டும். காம்பை மட்டும் சப்பினால் அவளுக்குப் புண் ஆகும், பிள்ளை அரை வயிற்றோடு அழும். நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை கொடுக்க வேண்டும். கையை வாய்க்குக் கொண்டுபோய், தலையைத் திருப்பித் தேடும்போதே கொடுத்துவிட வேண்டும். அலறிய பிறகு கொடுத்தால் மாரைப் பிடிக்காது. உடனே "பாரு, பாலே இல்ல" என்று ஆரம்பித்துவிடுவீர்கள்.

உண்மையிலேயே குறைந்தால் டாக்டர் சொல்லி டப்பாப் பால் கொடுக்கலாம். அதில்தான் நம் ஊர்த் தண்ணீர் குறுக்கே வரும். உவர்ப்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. பச்சைப்பிள்ளையின் சிறுநீரகம் அதைத் தாங்காது. நல்ல குடிதண்ணீரைக் கொதிக்க வைத்து, டப்பாவில் போட்ட அளவுக்கே கலக்க வேண்டும். காசு மிச்சம் பிடிக்கத் தண்ணியாகக் கரைத்தால் பிள்ளை இளைத்துப்போகும்.

இப்போது "நாங்கல்லாம் கிரைப் வாட்டர் குடிச்சு வளரலையா" கட்சிக்கு வருகிறேன். அது 1851இல் இங்கிலாந்தில் வந்த சரக்கு, முதலில் அதில் ஆல்கஹாலே இருந்தது. குடித்த பிள்ளை தூங்கியதில் என்ன ஆச்சரியம்? இப்போது அது இல்லை, ஆனாலும் ஆறு மாதம் வரை தாய்ப்பாலையும் டாக்டர் சொன்னதையும் தவிர வேறெதுவும், வெறும் தண்ணீர்கூட, வேண்டாம். தேன் ஒரு வயது வரை நாக்கில் படவே கூடாது, அதில் இருக்கும் கிருமி பிள்ளையின் தசையையே முடக்கிவிடும். உரைமருந்து, வசம்பு, எதுவும் உள்ளே போக வேண்டாம். மூக்கில் எண்ணெய் விட்டால் நுரையீரலுக்கு இறங்கும். உரம் எடுக்கிறோம் என்று கழுத்து நிற்காத பிள்ளையைச் சேலையில் போட்டு உருட்டுவதைப் பார்த்தால் எனக்கு ஈரக்குலை நடுங்கும்.

உடனே, பெரியவர்களை மதிக்கத் தெரியாதவள் என்று எழுத வருவீர்கள். அப்பத்தா வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டட்டும், காலில் எண்ணெய் தடவி இதமாகப் பிடித்துவிடட்டும், தாலாட்டட்டும், யார் வேண்டாம் என்றது? "எங்க அப்பத்தா பன்னெண்டு பெத்தா" என்று எழுதுகிறவர்கள், அதில் எத்தனை தங்கியது என்றும் சேர்த்து எழுதுங்கள்.

அழுகைக்குக் காரணம் தேடுகிறவர்கள் முதலில் வீட்டைப் பாருங்கள். கச்சான் காற்று அடிக்கிறது, மணல் வருகிறது என்று சன்னலை அடைத்து, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில், குல்லாய், ஸ்வெட்டர், காலுறை. பிள்ளையின் பிடரியில் கையை வைத்துப் பாருங்கள், வேர்த்துக் கொதித்தால் கழற்றுங்கள். ஒரு மெல்லிய பருத்திச் சட்டை போதும். தொட்டிலையும் கூரைக்குப் பக்கத்தில் ஏற்றிக் கட்டாதீர்கள். அப்புறம் ஏப்பம் விட வைத்தீர்களா, துணி ஈரமா, கால்விரலில் தலைமுடியோ நூலோ சுற்றி இறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். இந்த முடியை யாரும் பார்ப்பதே இல்லை, விரல் சிவந்து வீங்கிய பிறகுதான் தெரியும். எல்லாம் பார்த்தும் அழுதால் மாரோடு தோல் படத் தூக்கி, 'உஷ்ஷ்' என்று விடாமல் சொல்லிக்கொண்டு நடங்கள். தூங்கினால் மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

அதற்கும் அடங்காத நாள் வரும். கோபம் தலைக்கு ஏறினால் பிள்ளையைப் பத்திரமாகக் கீழே படுக்க வைத்துவிட்டுப் பத்து நிமிடம் வெளியே வாருங்கள். பிடித்து உலுக்கிவிடாதீர்கள். உலுக்கினால் மூளையில் ரத்தம் கசியும்.

இந்த அழுகைக்குள் சேராதவையும் உண்டு: 38 டிகிரிக் காய்ச்சல் (பழைய கணக்கில் 100.4), பால் குடிக்க மறுப்பது, பச்சையாக வாந்தி, மலத்தில் ரத்தம், வலிப்பு, நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு, உச்சிக்குழி புடைப்பது. இதில் ஒன்று இருந்தாலும் திருஷ்டி சுற்றிக்கொண்டு நிற்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

ஆனால் அந்த ஆடியோவில் எனக்கு உறுத்தியது வேறு. ஏழு நிமிடம் பேசியவர் வாயில் அவள் சாப்பிட்டாளா என்ற ஒரு வார்த்தை வரவில்லை. கரை முழுக்க மீன், அவளுக்கு மட்டும் பத்தியம். காரல் ஆணம், பால்சுறாப் புட்டு என்று பிள்ளை பெற்றவளுக்கு ஆக்கிப்போட்ட ஊர்தானே இது? "தண்ணி குடிச்சா பிள்ளைக்குச் சளி பிடிக்கும்" என்று செம்பை எட்டி வைக்கிறீர்கள். இந்த வெயிலில், பால் கொடுக்கிறவளுக்கு! மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் வீட்டில் இருந்த புருசன் ஒரு ராத்திரியாவது பிள்ளையை வாங்கித் தோளில் போட்டிருக்கிறானா? கடலுக்குப் போகிறவனுக்குத் தூக்கம் வேண்டும், சரி. அவள் சேர்ந்தாற்போல மூன்று மணி நேரம் தூங்கி எத்தனை நாள் ஆனது?

அவள் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தால், பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால், செத்துவிடலாம் போலிருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னால், அது திமிர் இல்லை, பேறுகாலத்துக்குப் பிறகு வருகிற நோய், மருந்து உண்டு. அவளைத் தனியாக விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். பேசிக் கேட்க 104 என்ற அரசு உதவி எண் இருக்கிறது. மாமியார் காதில் விழும் என்று அவளாகச் சொல்ல மாட்டாள். நீங்கள்தான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.