டென்ஷனர்னு பேர் வச்சவன் அனுபவஸ்தன்யா

இருபது நிமிஷமாம். கார் இன்ஜின்ல தெர்மோஸ்டாட், டிரைவ் பெல்ட் ரெண்டையும் சேர்த்து மாத்த இருபது நிமிஷம், வீடியோல அந்த மனுஷன் சட்டைல ஒரு கறை இல்லாம சிரிச்சுக்கிட்டே சொல்றான். நான் காலைல ஒம்பது மணிக்கு ஆரம்பிச்சேன், முடிச்சப்ப டார்ச் அடிச்சுத்தான் ஸ்பேனரையே தேடினேன்.

அவன் என்ன பண்றான் தெரியுமா, "இப்ப பெல்ட்ட மாட்டிக்குவோம்"ங்கறான், கட், அடுத்த ஷாட்ல பெல்ட் மாட்டியிருக்கு. அடேய், அந்த கட்டுக்கு நடுவுலதான்டா என் ஞாயித்துக்கிழமை மொத்தமும் போச்சு!

பழசக் கழட்டறது பெரிய விஷயமே இல்ல, பெல்ட்ட இறுக்கிப் பிடிக்கற டென்ஷனர்ல ஸ்பேனரப் போட்டு ஒரு அழுத்து, தானா வந்துருச்சு. மாட்டறதுதான். பெல்ட் எந்த எந்த புல்லி வழியா சுத்திப் போகணும்னு பானட்டுக்கு அடியில ஒரு ஸ்டிக்கர் இருக்கும்ல, என் வண்டில அது இருந்த இடத்துல பசை மட்டும் இருக்கு. அதனாலதான் புத்திசாலியா கழட்டறதுக்கு முன்னாடியே போட்டோ எடுத்து வச்சேன். எடுத்துப் பாத்தா முக்கால்வாசி என் கட்டைவிரல்.

சரின்னு யோசிச்சு, வரிப் பள்ளம் இருக்கற புல்லிக்கு பெல்ட்டோட வரிப் பக்கம், மொழுக்குன்னு இருக்கற புல்லிக்கு முதுகுப் பக்கம்னு ஒரு வழியா கணக்குப் போட்டுட்டேன். கீழ கிராங்க் புல்லி, அப்புறம் ஏசி கம்ப்ரஸர், வாட்டர் பம்ப், கடைசியா மேல ஆல்டர்னேட்டர். இப்ப ஒரு கை டென்ஷனர அழுத்திப் பிடிக்கணும், ஒரு கை ஆல்டர்னேட்டர்ல பெல்ட்ட ஏத்தணும், அந்த நேரம் பாத்து கீழ கிராங்க்ல இருந்து பெல்ட் மெதுவா நழுவுது. அதப் பிடிக்க மூணாவதா ஒரு கை வேணும். எனக்கு இல்ல. கீழ போய் மாட்டிட்டு மேல வந்தா ஏசில இருந்து கழண்டிருக்கு. ஏசில மாட்டினா கிராங்க். இப்படியே பதினோரு தடவ, எண்ணினேன், வேற என்ன வேல எனக்கு. பன்னெண்டாவது தடவ டப்புன்னு உக்காந்துச்சு, கத்திட்டேன் சந்தோஷத்துல. டார்ச் அடிச்சுப் பாத்தா ஆறு வரில அஞ்சுதான் பள்ளத்துல இருக்கு, ஒரு வரி வெளிய தொங்குது. திரும்ப மொதல்ல இருந்து!

இதுக்கு நடுவுல போறவன் வரவன் எல்லாம் நின்னு "வண்டில ஏதாச்சும் பிரச்சனையா?" இல்லண்ணே, சும்மா காத்து வாங்க அடியில படுத்திருக்கேன்.

தெர்மோஸ்டாட்ட சும்மா சொல்லக்கூடாது, அது பரவால்ல. இன்ஜின் சூடேறற வரைக்கும், அதக் குளிர வைக்கற கூலண்ட் தண்ணிய மூடி வைக்கற வால்வு அது; பழசு திறந்தபடியே மாட்டிக்கிட்டதால என்ன ஓட்டினாலும் டெம்பரேச்சர் முள்ளு பாதிக்கு வரவே வராது, அதான் மாத்த வேண்டியதாப் போச்சு. ரெண்டே போல்ட்டு, அலுமினிய ஹவுசிங்கறதால உடைஞ்சுருமோன்னு உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு கழட்டினேன், புதுசுல அந்த குட்டி ஆடற பின் மேல் பக்கம் வர்ற மாதிரி வச்சு ரப்பர் ஓ ரிங்கும் மாத்தினேன். எல்லாம் சரி. ஆனா ஹவுசிங்கத் திறந்ததும் மிச்சம் இருந்த கூலண்ட் குபுக்குன்னு கொட்டுச்சு பாருங்க.

எங்க கொட்டுச்சு? பன்னெண்டு தடவைக்கு மேல மாட்டின புது பெல்ட் மேல.

கூலண்ட் ஊத்தி, ஏர் எல்லாம் எடுத்து, ஸ்டார்ட் பண்ணா கீச்ச்ச்னு ஒரே கத்தல். கீச்சு கீச்சுன்னு கத்துதுன்னுதான்யா பெல்ட்டயே மாத்தினேன்! உள்ள இருந்து வீட்டம்மா, "அந்தத் தண்ணி வேலய மொதல்ல முடிச்சுட்டு பெல்ட்ட அப்புறம் மாட்டியிருக்கலாம்லங்க?" அப்பதான் சிரிப்பு வந்துச்சு, அழுகைக்கு பதிலா. முள்ளு மட்டும் நடுவுல அழகா நிக்குது, என்னையப் பாத்து சிரிக்கற மாதிரி.

அதெல்லாம் கூட விடுங்க. கூலண்ட் கேன் மூடியத் திறந்தா உள்ள ஒரு சீல் ஒட்டியிருக்கானுங்க, அத இழுக்கறதுக்குன்னு ஓரத்துல ஒரு வாலும் வச்சிருக்கானுங்க. இழுத்தா அந்த வாலு மட்டும் தனியா கைக்கு வருது. என்னைக்காச்சும், யாருக்காச்சும், அந்த சீல் முழுசா வந்திருக்காய்யா?