கணக்கு தப்பினால் அடி விழும்

'தி வயர்' என்ற அமெரிக்க டிவி தொடரை ஆரம்பித்து மூன்றாவது எபிசோடிலேயே நிறுத்திவிட்டதாக இந்த வாரம் மட்டும் இரண்டு நண்பர்கள் சொன்னார்கள். "போலீஸும் கேங்கும் மோதுற கதைன்னு சொன்னீங்க, எல்லாரும் உட்கார்ந்து பேசிக்கிட்டே இருக்காங்களே" என்றார் ஒருவர். உண்மைதான், உட்கார்ந்து பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனாலும் நான் பார்த்த போலீஸ் கதைகளில் இந்த அளவுக்கு மனசில் தங்கியது வேறு எதுவும் இல்லை. ஏன் என்று சொல்லிவிட வேண்டும் போலிருக்கிறது. கதையின் முக்கியமான இடங்கள் வெளியே வரும். இனிமேல்தான் பார்க்கப் போகிறேன் என்பவர்கள் இதைச் சேமித்து வைத்துக்கொண்டு, பார்த்து முடித்ததும் வாருங்கள்.

முதல் சீசன், எட்டாவது எபிசோட். அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் ஆளில்லாமல் பாழடைந்து கிடக்கும் ஒரு வீடு. வாலஸ் என்ற 16 வயதுப் பையன் அங்கே தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்கிறான். காலையில் எழுப்பி, ஆளுக்கொரு ஜூஸும் சிப்ஸ் பாக்கெட்டும் கொடுத்துப் பள்ளிக்கு விரட்டுவதும் அவன்தான். மற்ற நேரத்தில் போதைப்பொருள் விற்கும் கும்பலில் அவனுக்கு வேலை, கூட வேலை பார்ப்பவன் போடி. ஒரு பிள்ளை வீட்டுப்பாடத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறது. பஸ் கணக்கு. இத்தனை பேர் ஏறினார்கள், இத்தனை பேர் இறங்கினார்கள், மிச்சம் எத்தனை பேர்? பிள்ளைக்குப் பிடிபடவில்லை, வாய்க்கு வந்த எண்ணைச் சொல்கிறது. வாலஸ் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்கிறான். உன்னிடம் சரக்கு 20 இருக்கு, ரெண்டு பேர் வந்து ஆளுக்கு ரெண்டு வாங்குறாங்க, இன்னொருத்தன் மூணு வாங்குறான், அப்புறம் போடி வந்து 10 கொடுத்துட்டுப் போறான், ஒருத்தன் கார்ல வந்து எட்டு வாங்குறான், மிச்சம் எவ்வளவு? பட்டென்று வருகிறது பதில்: 15. இது வருது, அது ஏன் வரமாட்டேங்குது என்று வாலஸ் எரிச்சலோடு கேட்கிறான். இந்தக் கணக்கு தப்பினா அடி பின்னிடுவாங்க என்கிறது பிள்ளை.

அத்தோடு காட்சி முடிந்துவிடும். ஐந்து சீசன், 60 எபிசோட் பார்த்து முடித்த பிறகு எனக்குத் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது இந்த இடம்தான். தெருமுனையில் எண்ணிக்கை சரியாக இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் எலும்பு உடையும். அதே தெருமுனையைக் கட்டுப்படுத்த வேண்டிய போலீஸ் தலைமையகத்தில் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டியதில்லை, மேயருக்குக் காட்டும்படி இருந்தால் போதும். பால்டிமோர் போலீஸ் அந்தக் கும்பல்களிடம் எங்கே தோற்கிறது என்று யாராவது கேட்டால் நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

எழுதியவர்கள் உள்ளே இருந்து பார்த்தவர்கள். டேவிட் சைமன் பால்டிமோர் சன் நாளிதழில் பன்னிரண்டு வருஷத்துக்கும் மேல் போலீஸ் செய்திகள் எழுதியவர். எட் பர்ன்ஸ் அதே ஊர்க் கொலை வழக்குப் பிரிவில் டிடெக்டிவாக இருந்தவர், போலீஸ் வேலையை விட்ட பிறகு அரசுப் பள்ளி ஆசிரியர். மெல்வின் வில்லியம்ஸ் என்ற பெரிய ஹெராயின் வியாபாரியை 1984-இல் ஒட்டுக்கேட்டுப் பிடித்த வழக்கில் பர்ன்ஸ் இருந்தார். வில்லியம்ஸைப் பற்றி சன் பத்திரிகையில் தொடராக எழுதியவர் சைமன். சிறைவாசம் முடிந்து வெளியே வந்த அதே வில்லியம்ஸ் இந்தத் தொடரில் தேவாலய டீக்கனாக நடித்திருக்கிறார். அது தெரிந்த பிறகு அவர் வரும் காட்சிகளை மட்டும் மறுபடி போட்டுப் பார்த்தேன். சாந்தமான முகம், மெதுவான பேச்சு. எனக்கு என்னவோ செய்தது.

சரி, நண்பர் சொன்ன 'உட்கார்ந்து பேசுவது'. முதல் சீசன் வந்த 2002-இல் கதையில் வரும் பார்க்ஸ்டேல் கும்பல் செல்போனைத் தொடுவதில்லை. பேஜரும் (கூப்பிட வேண்டிய எண்ணை மட்டும் காட்டும் சின்னக் கருவி) தெருவோரப் பொதுத் தொலைபேசியும்தான். பேஜரில் வரும் எண்ணும் நேரான எண் இல்லை. போன் பட்டன்களில் 5-ஐத் தாண்டி எதிர்ப்பக்கம் இருக்கும் எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும்: 1 என்றால் 9, 2 என்றால் 8. 5-க்கும் 0-க்கும் இடமாற்றம். படிப்பு ஏறாத பையன்கள் என்று எல்லாரும் கைவிட்டவர்கள் தினமும் இதை வைத்துத்தான் தொழில் நடத்துகிறார்கள். இதை உடைப்பவர் பிரெஸ் என்ற போலீஸ்காரர். சில எபிசோடுகளுக்கு முன்னால்தான் அவர் துப்பாக்கியால் ஒரு பையனின் முகத்தில் அடித்துக் கண்ணைப் போக்கியிருக்கிறார். தெருவுக்கு அனுப்பக் கூடாது என்று மேஜையில் உட்கார வைக்கப்பட்டவர். வேலை அங்கேதான் நடக்கிறது.

போனை ஒட்டுக்கேட்க வேண்டுமானால் கோர்ட் உத்தரவு வேண்டும். வேறு எந்த வழியிலும் முயன்று பார்த்தாயிற்று, முடியவில்லை என்று எழுத்தில் காட்டினால்தான் அது கிடைக்கும். வழக்குக்குச் சம்பந்தமில்லாத பேச்சு என்றால் கேட்பதை நிறுத்திவிட வேண்டும். பொதுத் தொலைபேசி என்பதால், அந்த நிமிஷம் ரிசீவரைப் பிடித்திருப்பது யார் என்று மொட்டை மாடியில் இருந்து ஒருவர் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒருவர் வெயிலில் காய்கிறார், இன்னொருவர் ஹெட்போனோடு ஒவ்வொரு அழைப்பையும் நேரம் போட்டு எழுதுகிறார். மாதக்கணக்கில் இதுதான். லெஸ்டர் ஃப்ரீமன் என்ற டிடெக்டிவ் எனக்கு மிகவும் பிடித்த மனிதர். ஒரு வழக்கில் மேலிடம் சொன்னதைக் கேட்காததற்காக 13 வருஷம் நான்கு மாதம் அடகுக்கடைப் பிரிவில் தள்ளி வைக்கப்பட்டவர். பொம்மை வீட்டுக்கான குட்டி மேஜை நாற்காலிகளைச் செதுக்கிக்கொண்டே அத்தனை வருஷத்தையும் ஓட்டியிருக்கிறார். அவர்தான் சொல்கிறார்: போதைப்பொருளைத் தொடர்ந்து போனால் போதைக்காரனும் விற்பவனும் கிடைப்பான், பணத்தைத் தொடர்ந்து போனால் எங்கே போய் நிற்போம் என்று சொல்ல முடியாது. பணம் அரசியல்வாதிகள் பக்கம் போக ஆரம்பித்ததும் மேலிடத்துக்கு அவசரம் வந்துவிடுகிறது. வழக்கை முடி, மேஜையில் பொடியையும் துப்பாக்கியையும் பரப்பிப் பத்திரிகையாளர்களைக் கூப்பிடு.

மூன்றாவது சீசனில் வரும் வாராந்திரப் போலீஸ் கூட்டங்களை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். 1994-இல் நியூயார்க் போலீஸில் ஆரம்பித்துப் பல ஊர்களுக்குப் பரவிய புள்ளிவிவர முறை இது. திரையில் வரைபடம், கீழே எண்கள், எதிரே நிற்கும் மேஜர் (அங்கே போலீஸிலும் மேஜர், கர்னல் பதவிகள் உண்டு) வியர்த்துக்கொண்டே பதில் சொல்ல வேண்டும். குற்றங்கள் ஐந்து சதவீதம் குறைய வேண்டும், வருஷத்தில் கொலை 275-ஐத் தாண்டக் கூடாது என்று உத்தரவு வருகிறது. எப்படிக் குறைப்பது என்று யாரும் சொல்வதில்லை, எல்லாருக்கும் தெரியும். வழிப்பறியைச் சாதாரணத் திருட்டாக எழுதலாம், கொலைவெறித் தாக்குதலைக் கைகலப்பாக மாற்றலாம். கோல்வின் என்ற மேஜர் அப்போது ஒன்று கேட்கிறார்: இதையெல்லாம் மாற்றி எழுதிவிடலாம், பிணத்தை எப்படி மறைப்பது?

அடுத்த சீசனில் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கிறது, அதுவும் கும்பலிடம் இருந்து. மார்லோ என்ற இன்னொரு கும்பல் தலைவனின் ஆட்கள் தாங்கள் கொன்றவர்களைப் பாழடைந்த வரிசை வீடுகளுக்குள் போட்டுக் கதவுப் பலகையை ஆணி அடித்து மூடிவிடுகிறார்கள். ஊரில் கொலை குறைந்துவிட்டது என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஃப்ரீமன் ஒரு நாள் ஒரு வீட்டின் முன்னால் நிற்கிறார். பலகையில் அடித்திருக்கும் ஆணி மற்ற வீடுகளில் இருப்பதைப் போல இல்லை. கொஞ்ச நேரம் பேசாமல் பார்க்கிறார். இது கல்லறை என்று அவருக்குப் புரிந்துவிடுகிறது. என் உடம்பு நடுங்கியது அங்கே இல்லை, அதற்கு அடுத்து. அவருடைய சார்ஜென்ட் அந்த வீடுகளைத் திறக்க வேண்டாம் என்கிறார். வருஷம் முடிய சில வாரம்தான் இருக்கிறது, துப்புத் துலங்கிய வழக்குகளின் விகிதம் ஏற்கெனவே மோசம், நீ இன்னும் பிணங்களைக் கொண்டுவந்து கொட்டுகிறாயா என்று கத்துகிறார். கொலை வழக்குப் பிரிவில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. துப்புத் துலங்காத பெயர் சிவப்பு மையில், துலங்கியது கறுப்பில். அந்தப் பலகையில் சிவப்பு கூடக் கூடாது என்பதற்காக, செத்தவர்கள் சுவருக்குள்ளேயே இருக்கட்டும்.

கடைசியில் திறக்கிறார்கள், 22 பேர். திறக்க அனுமதி கிடைத்ததும் கணக்கினால்தான்: அந்த வருஷத்துக்குள்ளேயே வெளியே எடுத்துவிட்டால் பழி பழைய மேயர் தலையில் விழும், புது மேயரின் கணக்கு சுத்தமாகத் தொடங்கும். சரியான காரியம்கூடத் தப்பான காரணத்துக்காக நடப்பதை இவ்வளவு நிதானமாகக் காட்டிய கதை வேறு ஒன்றை எனக்குத் தெரியாது.

போலீஸ் வேலையை விட்ட பிரெஸ் இதே சீசனில் கணக்கு வாத்தியாராக வருகிறார். தாயம் உருட்டும் பையன்களுக்குப் பகடையை வைத்தே நிகழ்தகவு சொல்லிக்கொடுக்கிறார், வகுப்பே உயிர் பெறுகிறது. அப்புறம் அரசுத் தேர்வு வருகிறது. மதிப்பெண் உயர வேண்டும், அதனால் தேர்வில் வரும் கேள்விகளை மட்டும் நடத்துங்கள் என்கிறார்கள். இதை நான் முன்னாடியே பார்த்திருக்கிறேன் என்கிறார் பிரெஸ். வழிப்பறி திருட்டாகும், மேஜர் கர்னல் ஆவார். அவர் முகத்தில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. எனக்கு அழுகை வந்த இடம்.

இது கும்பலை உயர்த்திப் பேசும் தொடர் என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தக் கும்பலின் சுத்தமான கணக்கு பிள்ளைகளின் பயத்தில் நிற்கிறது. வாலஸ் போலீஸிடம் வாய் திறந்துவிட்டான் என்று தெரிந்ததும், பார்க்ஸ்டேல் கும்பலின் இரண்டாவது தலைவனான ஸ்ட்ரிங்கர் பெல் அவனைக் கொல்ல உத்தரவு போடுகிறான். கல்லூரியில் பொருளாதாரம் படிக்கப் போகிறவன் ஸ்ட்ரிங்கர். சுடுவது வாலஸோடு கூடவே வளர்ந்த இரண்டு பையன்கள். துப்பாக்கி பிடித்திருக்கும் போடியின் கை நடுங்குகிறது. பிறகு சிறையில், வாலஸுக்கு மேலாளாக இருந்த டிஏஞ்சலோ, எதிரே உட்கார்ந்திருக்கும் ஸ்ட்ரிங்கரிடம் வாலஸ் எங்கே, வாலஸ் எங்கே என்று திரும்பத் திரும்பக் கேட்கிறான். பதில் வருவதில்லை. இதைப் பார்த்துவிட்டுக் கும்பல் வாழ்க்கையில் ஒருவருக்கு ஆசை வரும் என்றால் அவர் வேறு ஏதோ பார்த்திருக்கிறார்.

குறை இல்லாமல் இல்லை. ஐந்தாவது சீசன் 10 எபிசோடில் ஓடி முடிகிறது. வழக்குக்குப் பணம் கிடைக்க மெக்நல்ட்டி என்ற டிடெக்டிவ், இல்லாத ஒரு தொடர் கொலைகாரனை உருவாக்குகிறான். யோசனை கதையோடு பொருந்தத்தான் செய்கிறது, இல்லாத கொலையை எண்ணிக்கையில் சேர்க்கிறான். ஆனால் அவசரம். பத்திரிகை அலுவலகக் காட்சிகளில் நல்லவர்கள் நல்லவர்களாகவே, கெட்டவர்கள் கெட்டவர்களாகவே இருக்கிறார்கள். சைமனுக்குத் தன் பழைய அலுவலகத்தின் மேல் இருந்த கோபம் கதையைச் சாப்பிட்டுவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. போலீஸ்காரர்களின் மனைவிமாரும் பெரும்பாலும் குறை சொல்ல மட்டுமே வந்து போகிறார்கள். இத்தனை மனிதர்களை எழுதத் தெரிந்தவர்கள் அங்கே இன்னும் மெனக்கெட்டிருக்கலாம்.

2008-இல் தொடர் முடிந்தது, அமெரிக்க டிவி தொடர்களுக்குத் தரும் எம்மி விருது ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிய வேதனை. 2017 மார்ச்சில் பால்டிமோர் போலீஸின் துப்பாக்கித் தடுப்புச் சிறப்புப் பிரிவைச் சேர்ந்த ஏழு பேர் மேல் மத்திய அரசு வழக்குப் போட்டது. நிறையத் துப்பாக்கிகளைப் பிடித்தார்கள் என்று துறையே பாராட்டிய பிரிவு அது. அவர்கள் ஜனங்களிடம் பணத்தைப் பறித்திருக்கிறார்கள், பார்க்காத வேலைக்கு ஓவர்டைம் எழுதியிருக்கிறார்கள். தலைவராக இருந்த சார்ஜென்டுக்கு 2018-இல் 25 வருஷத் தண்டனை. எப்படி வெளியே வந்தது தெரியுமா? ஒரு போதை வியாபாரியின் போனை விசாரணையாளர்கள் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பிரிவுப் போலீஸ்காரர் ஒருவரின் குரல் அதில் விழுந்தது. 2022-இல் சைமனே இதைத் தனித் தொடராக எடுத்தார்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்திலும் மாதக் கடைசியில் மேலிருந்து ஓர் எண் வரும். அத்தனை கோப்பு முடிந்திருக்க வேண்டும். முடியாததை முடிந்ததாகக் காட்டிவிட்டு அடுத்த மாதம் புது எண் போட்டுத் திறப்போம். அப்படி எழுதிய தாள்களில் என் கையெழுத்தும் இருக்கிறது. ஒவ்வொரு கோப்புக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் காத்திருந்தார் என்பது அந்தக் கூட்டக் காட்சிகளைப் பார்த்தபோது நெஞ்சில் குத்தியது. அதனால்தான் மூன்றாவது எபிசோடில் நிறுத்தியவர்களை இப்படி வற்புறுத்துகிறேன்.

மறுபடி போடுங்கள். வேகம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், மாடியில் உட்கார்ந்திருக்கும் அந்தப் போலீஸ்காரரோடு நீங்களும் உட்காருங்கள். எட்டாவது எபிசோடில் வாலஸ் கண்ணை மூடச் சொல்லிக் கேட்கும்போது, அந்தப் பிள்ளைக்கு முன்னால் உங்களுக்கு விடை வந்ததா என்று கீழே எழுதுங்கள்.