26 என்பது மட்டும் போதாது
இரண்டு தவளை இனங்களை ஒப்பிடும் ஒரு கட்டுரை, "இரண்டுக்கும் 26 குரோமோசோம், ஆகவே நெருங்கிய இனங்கள்" என்று முடிவு கட்டுவது அவசரம். ரானா வகைத் தவளைகளில் பெரும்பாலானவற்றுக்கு 26தான். மூதாதையரிடமிருந்து வந்த பழைய பொதுச்சொத்து அது. சென்ட்ரோமியர் (குரோமோசோமின் இரு கரங்களும் சேரும் இடுக்கு) எங்கே இருக்கிறது, வெள்ளிச் சாயத்தில் கருக்கும், நியூக்ளியோலஸ் (செல் கருவுக்குள் இருக்கும் சிறு உருண்டை) உருவாகும் பகுதி எந்தக் கரத்தில் என்பதையும் ஒப்பிட வேண்டும். அதிலும் செல் பிரிவை நிறுத்தக் கொடுக்கும் கோல்ச்சிசின் மருந்தின் நேரம் நீண்டால் குரோமோசோம்கள் குட்டையாகச் சுருங்கி, கரங்களின் நீள விகிதம் பொய் சொல்லும். செல்களை உப்பவைக்கும் 0.075 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் ஊறியது குறைந்தால் குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். கூடினால் செல் வெடித்து ஓரிரண்டு தொலைந்துபோகும், 26ஐ 24 என்று எண்ணிவிடுவோம். பல செல்களை எண்ணாமல் எழுதவே கூடாது.

எண்ணிக்கையே தீர்ப்பு சொல்லும் இடமும் உண்டு: வட அமெரிக்கச் சாம்பல் மரத்தவளைகளில் ஹைலா கிரைசோசெலிஸுக்கு 24, பார்வைக்கு அச்சு அசலாக இருக்கும் ஹைலா வெர்சிகலருக்கு 48.