டிரான்ஸ்ஃபர் கார்டில் கையெழுத்துப் போடுமுன்
“தவறு செய்த மாணவரைப் பள்ளி முதல்வரே நீக்கிவிடலாம்” என்று பள்ளி ஒழுங்கு பற்றிய ஒரு கட்டுரையில் வருவது தென்னாப்பிரிக்க அரசுப் பள்ளிகளுக்குப் பொருந்தாது. 1996ஆம் ஆண்டின் பள்ளிகள் சட்டம், 9ஆம் பிரிவின்படி பள்ளியின் நிர்வாகக் குழுவால் நீக்கத்தைப் பரிந்துரைக்க மட்டுமே முடியும். நீக்குபவர் மாகாணக் கல்வித் துறைத் தலைவர். விசாரணைக்கு முன் பிள்ளையை வீட்டில் நிறுத்திவைக்க உச்சவரம்பு 7 பள்ளி நாட்கள்தான், சனி ஞாயிறு கணக்கில் வராது. அதற்குள் விசாரணை நடக்காவிட்டால் துறைத் தலைவரின் ஒப்புதல் இல்லாமல் நிறுத்தம் நீடிக்காது. விசாரணையில் பெற்றோரோ அவர்கள் அனுப்பும் ஒருவரோ கூட இருக்க வேண்டும். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர் “பேசாமல் டிரான்ஸ்ஃபர் கார்டு (வேறு பள்ளிக்கு மாறுவதற்கான சான்று) வாங்கிக்கொண்டு போவதே நல்லது” என்கிறார். தயவுசெய்து அவசரப்பட வேண்டாம். டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் நம் பெற்றோர் பலர் வெட்கப்பட்டு மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் காகிதத்தில் பிள்ளை தானாக விலகியதாகிவிடும். மேல்முறையீட்டுக்கு இடமே இல்லை. முறைப்படி நீக்கினால் 14 நாட்களுக்குள் மாகாணக் கல்வி அமைச்சரிடம் முறையிடலாம். கட்டாயக் கல்வி வயதுப் பிள்ளை என்றால், அதாவது 15 வயதாகும் ஆண்டு அல்லது 9ஆம் வகுப்பு முடியும் வரை, மாற்று ஏற்பாடு செய்வது துறைத் தலைவரின் கடமை. பள்ளியின் நடத்தை விதித்தாளையும் கேட்டு வாங்குங்கள், அதுவும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதே: டர்பனில் ஒரு தமிழ்ப் பெண் மூக்குத்தி அணிந்ததற்காக எழுந்த வழக்கில், பள்ளி விலக்களிக்க மறுத்தது நியாயமற்ற பாகுபாடு என்று 2007இல் அரசியலமைப்பு நீதிமன்றம் சொல்லி, விதியைத் திருத்தச் சொன்னது.