24 மணி நேரச் சலுகை சட்டத்தில் இல்லை

“கணினி விளையாட்டின் திருட்டுப் பிரதியை இணையத்திலிருந்து இறக்கி 24 மணி நேரத்திற்குள் அழித்துவிட்டால் குற்றமில்லை, விற்றால்தான் குற்றம்” என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் தவறு அண்ணாச்சி. அப்படி ஒரு கெடு நம் பதிப்புரிமைச் சட்டத்தில் எங்கும் கிடையாது. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு நிரலை (விளையாட்டும் ஒரு நிரல்தான்) கணினியில் பயன்படுத்துவதையே குற்றம் என்கிறது: 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். ஆதாயத்துக்காக அல்ல என்றால் சிறையை விட்டு, 50,000 ரூபாய்க்கு மேற்படாத அபராதத்தோடு நீதிமன்றம் நிறுத்திக்கொள்ளலாம். இது தண்டனையில் காட்டும் தயவு, அனுமதி அல்ல.

காசு கொடுத்து வாங்கியவர் காப்புப் பிரதி எடுத்துவைக்க 52ஆம் பிரிவு இடம் தருகிறது. அதுதான் திரிந்து இப்படி உலவுகிறதோ என்னவோ.

விளையாட்டுகளின் விலை பற்றிய உங்கள் ஆத்திரம் நியாயமானது. பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை ஒரே விளையாட்டுக்கு 3,000, 4,000 ரூபாய்க்கு எங்கே போவான்? ஆனால் “ஆடிப் பார்க்காமல் எப்படி வாங்குவது” என்ற உங்கள் வாதம் நிற்காது. ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எபிக் என்ற இன்னொரு இணையக் கடையில் வாரந்தோறும் இலவசமாகவே ஏதாவது கிடைக்கிறது.

வண்ணார்பேட்டைப் பக்கம் காசு வாங்கிக்கொண்டு வன்தட்டில் விளையாட்டு ஏற்றித் தரும் கடைக்காரர்களுக்கு, சிறையை விட்டு அபராதத்தோடு நிறுத்தும் அந்தத் தயவும் கிடையாது. அவர்கள் செய்வது வியாபாரம்.